நட்டது எத்தனை, நின்றது எத்தனை?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பழைய நினைவுகள் ஏதாவது பேசுங்கோ" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். விடுதிக் கதைகளை என்னிலும் சுவையாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். நான் விலங்கியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். ஆகையால் என் ஊர்க் கரையைப் பற்றியும், அந்தக் கரைக்குச் செய்யவேண்டிய ஒரு வேலையைப் பற்றியும், அதில் இந்தச் சங்கத்துக்கு உள்ள பங்கைப் பற்றியும் பேச விரும்புகிறேன்.

என் ஊர் இலுப்பைக்கடவை. மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிப் போகும் ஏ 32 வீதியில், விடத்தல்தீவைத் தாண்டி, வெள்ளாங்குளத்துக்கு முன்னால் வரும். மேற்கே பாக்கு நீரிணைக் கடல், கிழக்கே குளங்களும் வயல்களும். இரண்டுக்கும் இடையில் ஒரு நிலம் கிடக்கிறது. மாரியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். கோடையில் உப்புப் பூத்து வெடித்துக் கிடக்கும். கடலோரமாகக் கண்டற்காடு ஒரு பட்டி போல் ஓடும். பஸ்ஸில் போகிறவர்கள் ஆடி மாதத்தில் இதைப் பார்த்தால் "வெறும் வெட்டை" என்றுதான் சொல்வார்கள். மார்கழியில் இறங்கிப் பார்த்தால் அந்த வெட்டை முழுவதும் தாராவும் உள்ளானும் கொக்கும் நாரையுமாக இருக்கும்.

இந்த வெட்டையைத்தான் ஈரநிலம் என்கிறோம். பறங்கி ஆறும் பாலி ஆறும் மாரியில் கொண்டுவரும் நன்னீர் இந்தக் கரைப் பக்கத்தில் கடலோடு கலக்கிறது. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் மீன் குஞ்சும் கண்டல் வேர்களுக்கிடையில் ஒளிந்து வளர்ந்து, பிறகு கடலுக்குப் போகின்றன. ஊரில் வலை போடுகிறவர்களுக்கு இது பாடப்புத்தக அறிவு அல்ல, அன்றாடச் சோறு.

இந்தக் கரை பொதுச் சொத்தாகப் பாதுகாக்கப்பட்ட இடமும்கூட. எங்கள் ஊருக்குத் தெற்கே விடத்தல்தீவை ஒட்டிய கடல், கண்டல், சேற்றுநிலம் எல்லாம் சேர்த்து 29,180 ஹெக்டேயர், 2016 இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. இன்னும் தெற்கே, மன்னார்த் தாம்போதியின் பெருநிலப் பக்கத்தில் உள்ள வங்காலைச் சரணாலயம் 2008 இல் அறிவிக்கப்பட்டு, 2010 இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அதன் பரப்பு 4,839 ஹெக்டேயர். நகரத்துப் பூங்காவுக்கு இருப்பதுபோல் இவற்றுக்கு வாசலும் இருக்கையும் இல்லை. ஆனாலும் இவையும் மக்களுடைய பூங்காக்கள்தான்.

இப்போது வேலையைப் பற்றிச் சொல்கிறேன். கண்டல் அழிந்த இடத்தில் கண்டல் நடுவது நல்ல காரியம் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். வெளிநாட்டில் இருக்கும் தோழியர் பலர், "ரீச்சர், எங்கட தொகுதி சார்பில் ஆயிரம் கன்று நடலாமோ?" என்று எனக்கு எழுதுகிறார்கள். அந்த மனதுக்கு நன்றி. ஆனால் நடுவதற்கு முன்னர் ஒரு கணக்கைப் பார்க்கவேண்டும்.

2004 ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு, கண்டல் இருந்தால் அலையின் வேகம் குறையும் என்று நாடு முழுவதும் கன்று நட்டார்கள். பல அமைப்புகள் வந்தன, பெரும் பணம் செலவானது. ருகுணுப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பெல்ஜிய ஆய்வாளர்களும் சேர்ந்து பின்னர் அந்த இடங்களுக்குப் போய்ப் பார்த்து, 2017 இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த இடங்கள் 23. நட முயன்ற பரப்பு ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேயர். கண்டல் உண்மையில் நின்றது சுமார் 200 ஹெக்டேயரில் மட்டும். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை.

ஏன் இப்படி? அந்த ஆய்வு சொல்லும் காரணங்கள் மிக எளியவை. தண்ணீர் எப்போதும் நிற்கும் பள்ளத்திலோ, வற்றுப்பெருக்கு எட்டாத மேட்டிலோ நட்டார்கள். இடத்துக்கு ஏற்ற இனத்தைப் பாராமல், கையில் பிடித்து ஊன்ற வசதியான நீண்ட முளைக்காய் உள்ள கண்டலையே எங்கும் நட்டார்கள். மாடுகள் மிதித்தன. நட்ட பிறகு ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

எங்கள் கடலில் இந்தத் தவறு இன்னும் எளிதாக நடக்கும். பாக்கு நீரிணையில் வற்றுப்பெருக்கின் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. கண்டலுக்கு ஏற்ற இடம், சராசரி நீர்மட்டத்துக்கும் பெருக்கு எட்டும் எல்லைக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய பட்டி மட்டும்தான். அதற்கு ஒரு சாண் கீழே நட்டால் கன்று மூச்சுமுட்டிச் சாகும்; ஒரு சாண் மேலே நட்டால் உவரில் கருகும். கண்டல் இயற்கையாக இல்லாத சேற்றுவெளியை நிரப்பி நட்டால், அங்கே இரை தேடும் உள்ளான்களின் இடமும் போய்விடும்.

அப்படியானால் எப்படி மீட்பது? முதலில் தண்ணீரின் வழியைத் திறக்கவேண்டும். எங்கள் கடலின் அக்கரையில் உள்ள முத்துப்பேட்டையையும், அதற்கு வடக்கேயுள்ள பிச்சாவரத்தையும் பாருங்கள். ஆங்கிலேயர் காலத்திலிருந்து காட்டைப் பட்டி பட்டியாக மொட்டையாக வெட்டியதால் நிலம் காய்ந்து தொட்டிபோல் தாழ்ந்தது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற முடியாமல் வற்றி, உப்பு ஏறி, அங்கே எதுவும் முளைக்கவில்லை. 1990 களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டின. பெருக்கு உள்ளே வந்து போகத் தொடங்கியது, உப்புக் குறைந்தது. அதன் பிறகே வாய்க்கால் கரைகளில் கண்டல் பிடித்தது.

நம் நாட்டிலும் பாடம் இருக்கிறது. புத்தளம், சிலாபம் கரையில் 1980 களில் இறால் பண்ணைகளுக்காகக் கண்டலை வெட்டிக் குளம் அமைத்தார்கள். 1996 இல் வெண்புள்ளி நோய் வந்து இறால் செத்தது. ஏராளமான குளங்கள் கைவிடப்பட்டன. அப்படிக் கைவிடப்பட்ட குளங்கள் ஆனைவிழுந்தான் சரணாலயத்துக்குள்ளும் இருந்தன. அங்கே இப்போது பண்ணை வரம்புகளை உடைத்து, நீரோட்டத்தைத் திரும்ப விட்டு, நீரோடு மிதந்து வரும் விதைகள் தாமாகவே ஊன்ற இடம் கொடுக்கும் வேலை நடக்கிறது. வனஜீவராசிகள் திணைக்களமும் வயம்பப் பல்கலைக்கழகமும் இதில் ஈடுபட்டிருக்கின்றன. மண்வெட்டி பிடிக்கும் நாள்கள் சில. திரும்பத் திரும்பப் போய் அளந்து எழுதும் நாள்கள் பல.

நான் இன்று சொல்ல வந்தது இந்தக் கடைசி வரிதான். ஈரநிலத்தை மீட்பதில் பெரும்பகுதி, நட்ட பிறகு கணக்கு வைப்பது. நட்ட அன்று பதாகை பிடித்துப் படம் எடுக்கிறோம். ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு கழித்து அதே இடத்தில் நின்று எத்தனை நிற்கிறது என்று எண்ணுகிறவர்கள் யார்? அதற்குப் பாடசாலையை விட நல்ல இடம் இல்லை என்பது என் எண்ணம். திட்டங்கள் மூன்று ஆண்டில் முடிந்துவிடும், அதிகாரிகள் இடமாற்றம் பெற்றுப் போவார்கள். பாடசாலையும் அதன் பழைய மாணவிகளும் நூறு ஆண்டு நிலைக்கிறார்கள். அதற்கு இந்த விழாவே சாட்சி.

கண்காணிப்பு என்றால் பெரிய கருவிகள் தேவை என்று நினைக்கவேண்டாம். ஒரே இடம், ஒரே பருவம், ஒரே நேரம், இரண்டு பேர், ஒரு கொப்பி. கண்டலுக்கு என்றால் சேற்றில் நான்கு கம்பு நட்டுச் சதுரம் குறித்து, அதற்குள் நிற்கும் கன்றுகளை எண்ணி உயரம் அளப்பது. அதே கம்பில் கைத்தொலைபேசியை வைத்து ஒரே திசையில் படம் எடுப்பது. பறவைக்கு என்றால் விடியற்காலையில் போய், இனம் இனமாக எண்ணுவது. தை மாதப் பிறப்பை அண்டி, ஜனவரியில், ஆசியா முழுவதும் ஒரே காலத்தில் நீர்ப்பறவைகளை எண்ணும் வழக்கம் 1987 இலிருந்து நடக்கிறது. இலங்கையில் அதைக் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இலங்கைக் களப் பறவையியற் குழு முன்னின்று நடத்திவந்திருக்கிறது. நாம் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கத் தேவையில்லை; அதில் சேர்ந்துகொண்டால் போதும்.

ஊர்ப் பிள்ளைகள் சிலரைக் கூட்டிக்கொண்டு இப்படி எண்ணப் போவதுண்டு. ஒரு காலை குறித்த இடத்துக்குப் போனபோது ஒரு பறவைகூட இல்லை. பிள்ளை ஒருத்தி முகம் வாடி, "ரீச்சர், ஒண்டும் இல்லை. என்னத்தை எழுதுறது?" என்றாள். "பூச்சியம் எண்டு எழுது, பிள்ளை. நேரத்தையும் எழுது, தண்ணி எவ்வளவு நிண்டது எண்டும் எழுது" என்றேன். வரவில்லை என்பதும் ஒரு பதிவுதான். பறவை கூடிய நாளை மட்டும் எழுதி, இல்லாத நாளை விட்டுவிட்டால், அந்தக் கொப்பி நாளைக்கு எவருக்கும் பயன்படாது.

இந்தப் பறவைகள் எங்கேயிருந்து வருகின்றன என்பதும் இப்போது துல்லியமாகத் தெரியத் தொடங்கியிருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சம்பத் செனவிரத்ன அவர்களின் குழுவினர் மன்னாரில் கடற்பறவைகளைப் பிடித்து, முதுகில் சிறு ஜி.பி.எஸ். கருவி பொருத்தி விட்டார்கள். மேகா என்று பெயர் வைத்த ஒரு கடற்காகம் 2021 இல் மன்னாரிலிருந்து புறப்பட்டு, வடதுருவ வட்டத்துக்குள் ரஷ்யாவின் யமால் குடாநாடு வரை போய், மீண்டும் மன்னாருக்கு வந்தது. போக்கும் வரவும் சேர்ந்து சுமார் 19,000 கிலோமீற்றர். எங்கள் சேற்றுவெளி கெட்டால் ரஷ்யாவின் கரையிலும் ஒரு கூடு வெறுமையாகலாம். இந்தச் செய்தியைக் கேட்ட பிறகு எங்கள் பிள்ளைகள் கடற்காகத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

கணக்கு வைப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். 2024 மே மாதம், விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கிடத்தில் 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக ஒதுக்கிடத்திலிருந்து நீக்கும் வர்த்தமானி அறிவித்தல் வந்தது. சூழல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. நீதிமன்றம் அந்த அறிவித்தலை இடைநிறுத்தி உத்தரவிட்டது. இப்படி ஒரு கேள்வி எழும்போது, "அங்கே என்ன இருக்கிறது, வெறும் வெட்டைதானே?" என்று ஒருவர் சொன்னால், "இல்லை" என்று உரத்துச் சொல்வது மட்டும் போதாது. இன்ன ஆண்டு இன்ன மாதம் இன்ன இடத்தில் இன்னது இவ்வளவு என்று எடுத்து வைக்க ஏடு வேண்டும். பத்து ஆண்டு ஏட்டுக்கு உள்ள மதிப்பு ஒரு நாள் ஆர்ப்பாட்டத்துக்கு இல்லை.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. போர்க்காலத்தில் எங்கள் கரை ஊர்கள் எல்லாம் இடம்பெயர்ந்தன. திரும்பி வந்தபோது, முன்னர் உழுத காணியும் மாடு மேய்த்த தரவையும் காட்டு எல்லைக்குள் போய்விட்டன என்ற மனக்குறை வன்னியில் பல ஊர்களில் உண்டு. பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டாலே சிலருக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நாங்கள் எண்ணிக்கொண்டு நின்றபோது, வலை காயவைத்துக்கொண்டிருந்த வயதான அண்ணர் ஒருவர் கேட்டார்: "பிள்ளையள், நீங்கள் கொக்கை எண்ணுறியள். எங்கட வள்ளத்தை ஆர் எண்ணுறது?"

நியாயமான கேள்வி. அன்றிலிருந்து கொப்பியில் இன்னொரு பக்கம் சேர்த்தோம். அன்று எத்தனை வள்ளம் போனது, நண்டு பட்டதா, இறால் பட்டதா, முன்னைய ஆண்டை விடக் கூடவா குறைவா என்று அவர்களிடமே கேட்டு எழுதுகிறோம். இரண்டு பக்கத்தையும் சேர்த்து வாசித்தால்தான் கரையின் நிலை விளங்கும். கண்டல் குறைந்து நண்டும் குறைந்தால் முதலில் அறிகிறவர் அந்த அண்ணர்தான். அவருடைய சொல்லுக்கும் ஏட்டில் இடம் வேண்டும். ஊரை வெளியே நிறுத்திவிட்டு எந்தச் சரணாலயமும் நிலைக்காது.

இனி, ஊரைவிட்டுத் தொலைவில் இருக்கும் தோழியருக்கு. இது மன்னார்க் கரையின் கவலை மட்டும் என்று எண்ணவேண்டாம். சிட்னியில் ஹோம்புஷ் பக்கம் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். அங்கே ஒலிம்பிக் பூங்காவில் செங்கல் மண் எடுத்த பழைய பள்ளம் ஒன்று உண்டு. 1992 இல் அந்தப் பள்ளத்தில் அருகிவரும் பச்சைத் தவளை இனம் ஒன்று கண்டறியப்பட்டது. 2000 ஆம் ஆண்டு ஒலிம்பிக்குக்காக அங்கே கட்டவிருந்த டெனிஸ் அரங்கை வேறிடத்துக்கு மாற்றினார்கள். பூங்காவில் தவளைக்கென்று குளங்கள் வெட்டினார்கள். அவற்றைத் தொடர்ந்து கண்காணித்தும் வருகிறார்கள். ரொறன்ரோவில் ஸ்காபரோவின் கிழக்கு ஓரம் ரூஜ் தேசிய நகர்ப் பூங்கா. அங்கே ஈரநிலங்களை மீட்டு, அருகிவரும் ஆமைக் குஞ்சுகளை மிருகக்காட்சிச்சாலையில் வளர்த்து 2014 இலிருந்து விட்டு வருகிறார்கள். பிரித்தானியாவில் நாடு முழுவதும் தொண்டர்கள் மாதம் ஒரு நாள் நீர்ப்பறவை எண்ணுகிறார்கள். லண்டனில் பார்ன்ஸ் என்னும் இடத்தில் பழைய நீர்த்தேக்கங்கள் நான்கு, 2000 ஆம் ஆண்டில் ஈரநிலப் பூங்காவாகத் திறக்கப்பட்டன. கொழும்பிலோ, 2018 இல் ராம்சார் ஈரநில நகரமாக ஏற்கப்பட்ட முதற் பதினெட்டு நகரங்களில் அந்நகரமும் ஒன்று.

நீங்கள் இருக்கும் இடத்தில் இந்த வேலைகளுக்குத் தொண்டர்களைத் தேடுகிறார்கள். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய்ப் பாருங்கள். எப்படி எண்ணுகிறார்கள், எப்படி எழுதுகிறார்கள், எப்படிப் பிள்ளைகளைப் பழக்குகிறார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். நீங்கள் கற்பது எங்கள் கரைக்கும் உதவும்.

கடைசியாகச் சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்.

முதலாவது, கன்று நட உதவி தருவதானால், நடும் நாளுக்கு ஒரு பங்கும் அடுத்த ஐந்து ஆண்டுப் பராமரிப்புக்கும் கணக்கெடுப்புக்கும் இரண்டு பங்குமாகத் தாருங்கள். எங்கே, எந்த இனம், எந்த மட்டத்தில் என்பதை அறிந்தவர்களிடமும் வலை போடுகிறவர்களிடமும் கேட்ட பிறகே நடவேண்டும். சில இடங்களில் அடைத்த வாய்க்காலைத் திறந்துவிட்டால் ஒரு கன்றும் நடத் தேவையிருக்காது.

இரண்டாவது, இந்தப் பாடசாலையில் கரை ஏடு ஒன்றைத் தொடங்குங்கள். இரண்டு இருகண் தொலைநோக்கி, ஒரு பறவைக் கையேடு, தடித்த அட்டைக் கொப்பி, வாகனச் செலவு ஆகியவை போதும். பெப்ரவரி 2 உலக ஈரநில நாள். அன்று ஒவ்வோர் ஆண்டும் மாணவிகள் அந்த ஏட்டைக் காலைக் கூட்டத்தில் வாசிக்கட்டும்.

மூன்றாவது வேண்டுகோளைப் பணத்தால் நிறைவேற்ற முடியாது. ஏட்டின் முதற் பக்கங்கள் எங்களிடம் இல்லை. நாற்பது, ஐம்பது ஆண்டுக்கு முன்னர் கண்டல் எங்கே வரை நின்றது, பூநாரை எந்த மாதம் வந்தது, எந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடியது என்று காட்டும் படங்களும் கடிதங்களும் இடப்பெயர்வில் அழிந்துபோயின. ஆனால் அவற்றின் பிரதிகள் உங்கள் அல்பங்களில் இருக்கக்கூடும். பாடசாலைச் சுற்றுலாவில் கடற்கரையில் வரிசையாக நின்று எடுத்த படம், மடுத் திருவிழாவுக்குப் போகும் வழியில் எடுத்த படம், ஐயாவின் வள்ளத்துக்கு முன்னால் எடுத்த படம் எதுவானாலும் சரி. அதில் உங்கள் முகத்துக்குப் பின்னால் ஒரு மரவரிசையோ நீர்க்கோடோ தெரிந்தால், எங்களுக்கு அதுவே ஆதாரம். படத்தின் பின்புறத்தில் இடத்தையும் ஆண்டையும் எழுதி, ஒரு பிரதி எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். வயதான அம்மாமார் இருந்தால் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடவேண்டும், நாள் போகிறது.

நூறு ஆண்டாக இந்தச் சங்கம் பெயர்ப் பட்டியலையும் கூட்டக் குறிப்பையும் தவறாமல் எழுதி வைத்திருப்பதால்தான் இன்று நூற்றாண்டு கொண்டாட முடிகிறது. அந்தப் பழக்கத்தையே நாங்கள் எங்கள் கரைக்கும் கேட்கிறோம். அடுத்த ஜனவரியில் எண்ணப் போகும்போது, இந்த மண்டபத்திலிருந்து ஐந்து பிள்ளைகளாவது எங்களோடு வருவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். காலை ஐந்தரை மணிக்கு வரவேண்டும், செருப்புச் சேற்றில் நிற்காது, தொப்பி கட்டாயம். பெயர் கொடுக்க விரும்புகிற பிள்ளைகள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.